கிளேசியர் தேசியப் பூங்காவில் சொந்தக் கார் இருக்கும்போது வழிகாட்டியுடன் சிவப்புப் பேருந்தில் போவது அவசியமா?

கேள்வி: மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கோயிங்-டு-தி-சன் சாலையைக் காரிலேயே கடக்கலாம் என்றிருக்கும்போது, பணம் கொடுத்துச் சிவப்புப் பேருந்தில் போக வேண்டுமா?

போங்கள். முதல் நாள் காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். நான் இரண்டு விதமாகவும் போய் வந்தவன்.

முதல் தடவை நானே ஓட்டினேன். மேற்கே மெக்டொனால்டு ஏரியிலிருந்து லோகன் கணவாய்க்கு ஏறும்போது, வண்டி வலப்பக்கம் போவதால் நாம் பள்ளத்தாக்கை ஒட்டிய தடத்தில் இருப்போம். ஓரத்தில் தணிவான ஒரு கல் சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. எதிரில் ஒரு பெரிய வண்டி வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். மனைவி "அருவி! அந்தப் பக்கம் அருவி!" என்று கூவிக்கொண்டே வந்தாள். நான் சாலையின் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போனால் வண்டி நிறுத்த இடமில்லை. இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிட்டோம். அவள் கத்தியது பர்ட் வுமன் அருவியைப் பார்த்து என்பதே வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் தடவை அம்மாவும் வந்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, நடைபாதை எதுவும் சரிப்படாது. அதனால்தான் பேருந்து. இல்லாவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

1936-க்கும் 1939-க்கும் இடையில் வொயிட் மோட்டார் கம்பெனி செய்த வண்டிகள் இவை. மொத்தம் 33. பயணிகள் இருக்கை பதினேழு, ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கதவு, மேலே சுருட்டிவிடக்கூடிய கேன்வாஸ் கூரை. அந்தக் காலத்தில் மலை ஏறும்போது ஓட்டுநர்கள் கியரைக் கறமுற என்று மாற்றுவது தூரத்திலிருந்தே கேட்குமாம். அதனால் அவர்களுக்கு 'கியர் ஜாமர்', சுருக்கமாக 'ஜாமர்' என்று பெயர் விழுந்தது, இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 1999-இல் உலோகச் சட்டத்தில் விரிசல் கண்டு எல்லாவற்றையும் ஓரங்கட்டினார்கள். ஃபோர்டு கம்பெனி கீழ்ப்பாகத்தைப் புதிதாக்கிக் கொடுத்தபின் 2002-இல் மறுபடி ஓடத் தொடங்கின.

எங்கள் ஜாமர் முதலில் மெக்டொனால்டு ஏரிக்கரையில் நிறுத்தினார். தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று செங்கல் நிறம், இன்னொன்று பாசிப்பச்சை. இரண்டுமே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல் சேறு. ஆழமில்லாத இடத்தில் காற்றுப் பட்டுப் படிந்த சேற்றில் இரும்பு துருவேறிச் சிவந்துவிட்டது, ஆழத்தில் படிந்தது பச்சையாகவே நின்றுவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லின் ஈரம் காய்ந்து நிறம் மங்கியது. மறுபடி தண்ணீரில் முக்கினாள், நிறம் திரும்பி வந்தது. மூன்று நான்கு தடவை அப்படிச் செய்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டாள். பூங்காவிலிருந்து கல் எடுத்துப் போகக் கூடாது.

அன்று மலை ஏறும்போதுதான் அந்தச் சாலையையே நான் முதன்முதலாகப் பார்த்தேன். முதலில் வந்த திட்டத்தில் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தாமஸ் விண்ட் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர், அப்படி வெட்டினால் மலைச்சரிவு முழுக்கக் கிறுக்கிவிட்டது போலாகிவிடும் என்று எதிர்த்தார். ஒரே ஒரு வளைவோடு, கார்டன் வால் என்கிற பாறை முகட்டை ஒட்டியே ஏறும் வழியைச் சொன்னார். செலவு அதிகம், வேலையும் கடினம். ஆனாலும் அதைத்தான் போட்டார்கள், 1933-இல் திறப்பு விழா. அந்த ஒற்றை வளைவுக்கு லூப் என்று பெயர். அங்கே 2003-இல் காட்டுத்தீ வந்து போனது. பட்டுப்போய் வெளுத்து நிற்கும் மரங்களுக்கடியில் இளம் மரங்கள் நெருக்கமாக எழும்பியிருக்கின்றன. காரில் போனபோது எனக்கு அது வெறும் வளைவு.

நேரம் இருந்தால் இன்னொரு நாள் கிழக்குப் பக்கமிருந்து சன் டூர்ஸ் பேருந்திலும் போங்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான பிளாக்ஃபீட் இனத்தவரே அதில் வழிகாட்டிகள். இந்த மலைகளை அவர்கள் உலகத்தின் முதுகெலும்பு என்கிறார்கள். பூங்காவின் கிழக்குப் பாதி 1895 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டாலருக்கு அவர்கள் கையை விட்டுப் போன நிலம், பூங்கா 1910-இல் வந்தது. ஜாக்சன் பனிப்பாறை தெரியும் இடத்தில் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 1850 வாக்கில் இங்கே சுமார் 150 பனிப்பாறைகள் இருந்தன. 2015 கணக்கில் 26.

குறையும் உண்டு. லோகன் கணவாயில் சிவப்புப் பேருந்துக்காரர்கள் தரும் நேரத்தில் ஹிட்டன் லேக் பக்கம் நடந்துவிட்டு வர முடியாது. நடைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்கு வேறொரு நாள் விடியற்காலையில் காரில் போங்கள். 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு மலைப்பகுதியில் அனுமதியே இல்லை, வாடகைக்கு எடுக்கும்போது கவனியுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் பேருந்து டிக்கெட்டில் சேராது. பனியை அள்ளி முடித்து மேல்பகுதியைத் திறக்கவே ஜூன் பிற்பகுதி, சில வருடம் ஜூலை ஆகிவிடும். டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கணவாய் 6,646 அடி உயரம், கூரை திறந்திருக்கும், கோடையிலும் குளிரும். கம்பளி கொடுக்கிறார்கள், இருந்தாலும் காதை மூட ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்கே உட்காருவது என்றால், மேற்கிலிருந்து ஏறி மேற்கிலேயே இறங்கும் பயணமாக இருந்தால் வலப்பக்க ஓரம். ஏறும்போது பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான். இறங்கும்போது அதே பக்கம் மலை கிட்டே வந்துவிடும். வீப்பிங் வால் என்ற இடத்தில் பாறை நெடுகிலும் நீர் கசிந்து வழிகிறது, பனி உருகும் முன்கோடையில் அது அருவி மாதிரியே கொட்டும். ஜாமர் வேகத்தைக் குறைத்து, "கூரையை மூடட்டுமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அம்மா "வேண்டாம்னு சொல்லுடா" என்றாள். கம்பளியிலிருந்து கையை எடுத்து மேலே நீட்டினாள். நீர் மணிக்கட்டில் விழுந்து ரவிக்கைக் கை வரைக்கும் ஓடியது. விடுதிக்கு வந்து சேரும்வரை அந்தக் கையை அவள் துடைக்கவில்லை.