நெல்லின் குணங்களைத் தொலைபேசியில் பதிதல்: கேள்வி பதில்

காலபோகத்தில் நெல்லினங்களை ஒப்பிடும் பரிசோதனை வயல்களுக்கு, 'ஃபீல்ட் புக்' எனும் அன்ட்ரொயிட் செயலியை ஒழுங்கமைப்பது பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

பரந்தன்: அண்ணை, வயல்துண்டு இலக்கம் 1-2 எண்டு எக்செலில அடிச்சன். செயலியில ஏத்திப் பார்த்தால் திகதியாக் கிடக்கு.

அது எக்செலின் வேலை. 1-2 என்பதைத் திகதியாக எடுத்துக்கொள்ளும். பிறகு 'டெக்ஸ்ட்' ஆக்கினாலும் ஐந்திலக்க எண்தான் வரும்; நிரலை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள். 'ஏ1_02' போல எழுத்தில் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. மூன்று மீள்தடவையிலும் (அதே இனங்களைத் திரும்ப நடும் தொகுதிகள்) 1 முதல் 12 என்று போட்டால் இலக்கம் இரட்டிக்கும், ஆகவே மீள்தடவை எண்ணும் அதற்குள் இருக்கவேண்டும். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூரிஎஃப்-8' தெரியுங்கள். இல்லாவிட்டால் 'மொட்டைக்கறுப்பன்' என்ற இனப்பெயர் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

மல்லாவி: ஒரே துண்டில ரெண்டு பேர் உயரம் அளந்தவை. நல்ல வித்தியாசம். செயலிப் பிழையோ?

செயலியில் பிழையில்லை. ஒருவர் இலை நுனிவரை அளந்திருப்பார், மற்றவர் கதிர் நுனிவரை. எதை அளக்கிறோம், எப்படி, எந்த அலகில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு குணம். பயிர்களுக்கான 'குரொப் ஒன்டொலஜி' சொற்தொகுதியும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முறைப்படி, நிலமட்டத்திலிருந்து மிக உயர்ந்த கதிரின் நுனிவரை, நெல்மணி நுனியில் முள்போல நீளும் கூர் பகுதியைச் சேர்க்காமல், சென்ரிமீற்றரில். இதைக் குணத்தின் விபரப் பெட்டியில் அப்படியே எழுதிவிடுங்கள். அளப்பவரின் கண்முன் அது நிற்கும்.

குணத்தின் வகை 'நியூமெரிக்' (எண்). ஆகக்குறைந்த, ஆகக்கூடிய பெறுமானங்களைக் கட்டாயம் கொடுங்கள், 95 என்பது 955 ஆகப் பதியாது. ஆனால் பிஜி 300 போன்ற குட்டை இனத்தை மனதில் வைத்து எல்லையை இறுக்கினால், நெடிய பாரம்பரிய இனங்களின் சரியான அளவையும் செயலி தள்ளிவிடும். 40 முதல் 200 வரை விடலாம்.

ஒட்டுசுட்டான்: எரிபந்த நோய்க்கும் நியூமெரிக் போடலாமோ சேர்?

வேண்டாம், 'கற்றகோரிக்கல்' (வகுப்புகள்) எடுத்து 0 முதல் 9 வரை பொத்தான்களாக வையுங்கள். இலை எரிபந்த அளவுகோலில் 3 வரை புள்ளியின் தன்மையைப் பார்க்கிறோம். 4 இலிருந்துதான் பாதித்த இலைப்பரப்பு: 5 என்றால் 4–10 வீதம், 7 என்றால் 26–50 வீதம். இடைவெளிகள் சமமில்லாததால் இவற்றின் சராசரிக்குப் பொருளில்லை. போகத்தின் நடுவில் பொத்தான்களை மாற்றவும் கூடாது, பழைய பதிவும் புதியதும் கலந்துவிடும்.

நெடுங்கேணி: யானை மிதிச்ச துண்டுக்கு 0 போடுறதோ?

போடவே கூடாது. 0 என்றால் அளந்தோம், ஒன்றுமில்லை என்று பொருள். அந்த இனத்தின் விளைச்சல் சராசரி அநியாயமாகக் கீழே போகும். 'என்ஏ' (தரவு இல்லை) பொத்தானை அழுத்தி, 'குறிப்பு' என்றொரு எழுத்துக் குணம் சேர்த்து, காரணத்தை அங்கே எழுதுங்கள். வெறுமையாக விட்டால் இன்னும் பார்க்காத துண்டு என்றே பின்னால் வருபவர் நினைப்பார்.

துணுக்காய்: வயலுக்க சிக்னல் இல்லை. ஏலுமோ?

ஏலும், பதிவு தொலைபேசியிலேயே நிற்கும். அதனால்தான் அன்றன்றைக்குப் பின்னேரம் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து வேறு கருவியிலும் வைக்கவேண்டும். கணிப்புக்கு 'ரேபிள்' வடிவம் போதும். 'டேற்றாபேஸ்' வடிவத்தையும் எடுங்கள், யார் எப்போது அளந்தார் என்பது அதில்தான் இருக்கிறது.