தனிக் கல ஆய்வுத் துறையை விரும்பும் மகள்: ஹற்றன் பெற்றோருக்கு ஒரு பதில்

மதிப்புக்குரிய ஐயா,

மருத்துவ பீடத்துக்குப் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் புள்ளி) கிடைக்காத உங்கள் மகள், தனிக் கலங்களில் பரம்பரையலகுச் செயற்பாட்டையும் ஓமோன் சுரப்பையும் அளக்கும் துறையை விரும்புவதாகவும், அதில் பிழைப்பு உண்டா என்று வீட்டில் அனைவரும் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

குருதியில் இன்சுலினை அளந்தால், எண்ணற்ற கலங்கள் சேர்ந்து சுரந்ததன் மொத்தமே தெரியும். எந்தக் கலம் சுரந்தது, எது சுரக்கவில்லை என்பது தெரியாது. 1983இல் நீல், ஃப்ரோலி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், சுரக்கும் கலங்களை, பிறபொருளெதிரியைப் பிடித்துக்கொள்ளும் புரதம் பூசிய செங்குருதிக் கலங்களோடு ஒரே அடுக்காகப் பரப்பி, அந்த ஓமோனுடன் ஒட்டும் புரதமான பிறபொருளெதிரியையும் பின்னர் கலங்களைச் சிதைக்கவல்ல குருதியின் நிரப்பிப் புரதங்களையும் சேர்ப்பார்கள். அப்போது சுரந்த கலத்தைச் சுற்றியுள்ள செங்குருதிக் கலங்கள் மட்டும் சிதைந்து ஒரு தெளிந்த வட்டம் தோன்றும்; வட்டம் பெரிதானால் சுரப்பும் அதிகம். பரம்பரையலகின் செயற்பாட்டை அறிவதற்கோ, அதன் ஊக்கிப் பகுதியை (அதை இயக்கிவிடும் டி.என்.ஏ பகுதி) மின்மினியின் ஒளிதரும் நொதியத்துக்குரிய பரம்பரையலகுடன் இணைத்துக் கலத்தினுள் செலுத்தி, வெளிப்படும் மங்கிய ஒளியை அளக்கிறார்கள். ஓமோன் கலத்தினுள் சிறுமணிகளில் சேமிக்கப்பட்டுப் பின்னரே வெளியேறுவதால், இவ்விரு அளவீடுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. குறை ஆக்கத்திலா வெளியேற்றத்திலா என்று பிரித்தறிவது நீரிழிவு ஆய்வுக்கு இன்றியமையாதது. ஆகவே இதை மருத்துவம் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசாக நினைக்க வேண்டாம்.

வேலை விடயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறேன். பட்டம் முடிந்ததும் அரச மருத்துவமனை ஆய்வுகூடத்தில் நிரந்தர நியமனம் வேண்டுமெனில், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டமே நேர்வழி. மகள் விரும்பும் பாதை நீண்டது: பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், அதன்பின் பட்டப்பின் படிப்பு, பெரும்பாலும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில். 2009இல் ஒரு தனிக் கலத்தில் பரம்பரையலகுகளின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ முழுவதையும் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து இத்துறையில் கணினி நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் ஆய்வுகூடத் திறனுக்கு நிகராகிவிட்டன. அந்தத் திறன்களோடு வருபவர் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலும் முயன்று பார்க்கலாம். ஆனால் அங்கு ஆய்வு தேயிலையைப் பற்றியதாகவே இருக்கும்.

சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடப் பெறுபேறுகளில் தங்கியிருக்கிறது. விரிவுரைகளோ ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழ்மொழி மூலம் படித்த நம் மலையகப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான், அறிவுக் குறைவால் அல்ல. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் உயர்தர உயிரியலை ஆங்கிலத்தில் மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்புமுன், முதல் சம்பளத்துக்கு இத்தனை வருடம் காத்திருக்கக் குடும்பத்தால் இயலுமா என்பதை மகளையும் வைத்துக்கொண்டே பேசி முடிவுசெய்யுங்கள்.