ஆறு வருட இடைவெளி, சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் பணி: ஆற்காட்டிலிருந்து கேட்டவருக்கு

குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்து, துறையை விட்டு ஆறு வருடம் ஆன பிறகு, சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கும் இந்தப் பணிக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இடைவெளி தடையில்லை. வேலூருக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்றால், அறிவிப்பு இல்லாத நேரத்தில் போயிருக்கும். இந்தப் பணிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அறிவிப்பு கொடுத்துத்தான் ஆள் எடுக்கும்.

ஆற்காடு 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே தனி அலகு. இரண்டு மாவட்ட இணையதளங்களிலும் ஆட்சேர்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். முன்பு வேலை பார்த்த இல்லத்தில் பதவி, தேதியோடு அனுபவச் சான்றை இப்போதே வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் இழுப்பது அதுதான்.

நேர்காணலுக்கு முன் இளைஞர் நீதிச் சட்டத்தை மறுபடி படித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் குடும்பம், சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் என்பது மாறவில்லை. ஆனால் 2021 திருத்தத்துக்குப் பின், 7 ஆண்டுக்கு மேல் தண்டனை இருந்தும் குறைந்தபட்சம் சொல்லப்படாத குற்றம் ‘கடுமையானது’, ‘கொடியது’ அல்ல. 16 வயது நிரம்பிய பிள்ளையைப் பெரியவராக விசாரிக்கலாமா என்பதே குற்றம் எந்த வகை என்பதில்தான் நிற்கிறது, நன்றாகப் படியுங்கள்.

ஒன்று: இது ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். நிரந்தரமாகும் என்று நம்பிக் கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள்.