மீன்தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள்: தொட்டியைக் கலைக்க வேண்டுமா?

கேள்வி: 20 லிட்டர் தொட்டியில் ஒரு ஃபைட்டர் மீனும் நான்கு நத்தைகளும் வளர்க்கிறோம். இரண்டு வாரமாகக் கண்ணாடியில் முடி போன்ற வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. இரவில் விளக்கு போட்டால் நிறையத் தெரிகின்றன. இது மீனுக்கு வந்த நோயா? எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லை வெந்நீரில் கழுவிவிடலாமா? என் மகள் அந்தத் தண்ணீரில் கை விடுகிறாள், அதனால் ஏதும் ஆகுமா?

பதில்: முதலில் அந்த வெந்நீரைக் கீழே வையுங்கள். தொட்டியை முழுக்கக் கலைப்பதுதான் இந்த நேரத்தில் மீனுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டர் ஸ்பான்ஜிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. வெந்நீர் அவற்றைக் கொன்றுவிடும். புழு போய்விடும், ஆனால் அம்மோனியா ஏறி மீனும் போய்விடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை கழிவு தின்னும் புழுக்கள். மண்புழுவின் தூரத்துச் சொந்தம். மீனின் உடலுக்குள் போய் வாழ்பவை அல்ல. ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், லென்ஸ் இருந்தால் நல்லது. தண்ணீரில் மிதக்கும்போது பாம்பு போல நெளிந்தால் கவலை வேண்டாம். நெளியாமல், கண்ணாடியோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால், தலை அம்புமுனை போல முக்கோணமாக இருந்து இரண்டு கண்புள்ளிகளும் தெரிந்தால், அது பிளனேரியா என்ற தட்டைப்புழு. அதை நசுக்கவோ வெட்டவோ கூடாது. துண்டான பகுதிகளிலிருந்து முழுப் புழுக்கள் வளர்ந்துவிடும். இறால் வளர்ப்பவர்கள் அஞ்சுவது இந்தப் புழுவுக்குத்தான்.

உங்கள் புழுக்கள் புதிதாக எங்கிருந்தோ வந்தவை அல்ல. செடியோடோ கல்லோடோ முன்பே நுழைந்து அடியில் இருந்திருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் கல்லிடுக்கில் அழுகும்போது அவற்றுக்கு விருந்து, பெருகிவிடுகின்றன. அதே அழுகல் அடித்தளத்தின் ஆக்சிஜனையும் தின்றுவிடுவதால், மூச்சுக்காக அவை மேலே ஏறி வருகின்றன. ஆகவே கண்ணாடியில் புழு கூட்டமாகத் தெரிந்தால், கல்லுக்கடியில் காற்றில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். ஃபைட்டர் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும், ஆனால் விடியற்காலையில் வழக்கத்தைவிட அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் ஏர் பம்பை அன்றே போட்டுவிடுங்கள்.

இனி வேலை. இரண்டு நாள் மீனுக்குத் தீனி வேண்டாம். நலமாக உள்ள, வளர்ந்த ஃபைட்டர் தாங்கும், புழுவையே கொத்தித் தின்னவும் கூடும். பிறகு அதன் வயிறு தோராயமாகக் கண்ணளவுதான் என்பதை நினைவில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் பிரச்சினை இந்த ஒரு கைச்சிட்டிகையில்தான் இருக்கிறது. அன்பு மிகுந்து போடுகிறோம், கல் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.

சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி அழுக்கை உறிஞ்சுங்கள். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் கிளற வேண்டாம்: இன்று வலது பாதி, மூன்று நாள் கழித்து இடது பாதி. ஒவ்வொரு முறையும் 5 லிட்டர் தண்ணீர் வெளியேறட்டும். குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயில் கழுவாமல், வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். அழுகிய இலை இருந்தால் கிள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புழுக்கள் கண்ணில் படுவது குறையும். அடியோடு ஒழியாது, ஒழிய வேண்டியதும் இல்லை.

மருந்து ஊற்ற வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிளனேரியாவுக்கு விற்கும் பாக்குச் சாறு கலந்த பொடியும், ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தும் நத்தைகளைக் கொல்லக்கூடியவை. தாமிரம் கலந்தவையும் அப்படியே. போதாக்குறைக்கு, ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் 20 லிட்டர் தண்ணீர் அதைத் தாங்காது.

ஒரு நிலைமை மட்டும் வேறு. மீனின் மலத்துவாரத்திலிருந்து சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளே வாழும் ஒட்டுண்ணி. அதற்கு லெவமிசோல் போன்ற மருந்து தேவை. அளவை மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளுக்கு இந்தப் புழுக்களால் தீங்கில்லை. ஆனால் கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது எந்த மீன்தொட்டியிலும் கை விடக்கூடாது. தோலில் புண் உண்டாக்கும் பாக்டீரியா அதில் இருக்க வாய்ப்புண்டு. மற்ற நாளில் கையை வெளியே எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கை விடுவதற்கு முன்னும் நன்றாக அலசிவிடச் சொல்லுங்கள், சோப்பு மீனுக்கு ஆகாது.