எதிர்ப்பு ரகத்திலும் குலைநோய் வந்தது ஏன்?

கேள்வி: குலைநோயை எதிர்க்கும் என்று சொன்ன நெல் ரகத்தைச் சில ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறேன். முதலில் ஒரு புள்ளிகூட இல்லை. இந்த முறை வயல் முழுக்க இலையில் வந்து, பிறகு கதிர்க் கழுத்தையும் பிடித்துவிட்டது. சொந்த விதையையே திரும்பத் திரும்ப விதைத்ததால் எதிர்ப்பு மரபணு மங்கிப்போனதா? புது விதை வாங்கினால் சரியாகுமா? எல்லாப் பூஞ்சை நோய்களையும் தாங்கும் ரகம் இருக்கிறதா?

பதில்:

உங்கள் விதையில் மரபணு மங்கிப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் கீழே. நிலைப்பட்ட ஒரு ரகத்தில் எதிர்ப்பு மரபணு இருந்தால், பத்துத் தலைமுறை விதைத்தாலும் அது அப்படியே வந்துகொண்டிருக்கும். நீங்கள் போட்டது வீரிய ஒட்டு நெல் என்றால் மட்டும் நிலைமை வேறு. அங்கே பெற்றோரில் ஒன்றிடம் மட்டும் அந்த மரபணு இருந்திருக்கலாம். அறுவடையில் எடுத்த விதையை மறுபடி விதைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி அது இல்லாமலே முளைக்கும். ஒட்டு நெல்லில் சொந்த விதை எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு விளைச்சல் சரிவதோடு இதுவும் ஒரு காரணம்.

விதையில் கலப்பு நேர்ந்ததா என்பதை வயலே காட்டிக்கொடுக்கும். நோயுள்ள செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, அவற்றின் உயரமோ பூக்கும் நாளோ நெல்மணியின் வடிவமோ மாறித் தெரிந்தால் அவை கலவன்கள். அப்படியென்றால் புது விதை வாங்குவதில் பொருள் உண்டு. வயல் முழுக்க ஒரே மாதிரிச் செடிகள், எல்லாவற்றிலும் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளிகள் என்றால், மாறியது நெல் இல்லை, பூஞ்சை. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது நிலை போலத்தான் தெரிகிறது. அதே ரகத்தில் சான்று விதை வாங்கி விதைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். குலைநோய்ப் பூஞ்சையின் வித்து ஈரமான இலைமேல் முளைத்து, ஒரு சிறு குமிழை உருவாக்குகிறது. மெலனின் என்ற கருமைப் பொருளால் உறுதிப்பட்ட அந்தக் குமிழுக்குள் 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில்தான் இலைத்தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. (ட்ரைசைக்ளசோல் மருந்து தடுப்பது இந்த மெலனினைத்தான். அதனால்தான் அது நோய் வருமுன் அடித்தால் பலன் தருகிறது, வந்தபின் அடித்தால் ஏமாற்றுகிறது.) உள்ளே போனதும் செடியின் தற்காப்பை அடக்குவதற்காகப் பூஞ்சை பல புரதங்களை வெளிவிடுகிறது.

செடியின் எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை அந்தப் புரதங்களில் ஏதோ ஒன்றை அடையாளம் காணும் புரதத்தை உருவாக்குபவை. அடையாளம் கண்ட உடனே, தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே இறந்துபோகின்றன. உயிருள்ள செல் கிடைக்காததால் பூஞ்சை அங்கேயே முடங்குகிறது. எதிர்ப்பு வேலை செய்யும் இலையில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள் தெரிவதற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்துப் பலர் பயந்து மருந்து அடிக்கிறார்கள். அது செடி ஜெயித்த அடையாளம். புள்ளி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, நடுவில் சாம்பல் நிறமானால்தான் கவலைப்பட வேண்டும்.

செடியின் ஒரு மரபணுவுக்கு எதிரே நோய்க்கிருமியிலும் ஒரு மரபணு உண்டு என்பதை முதலில் காட்டியவர் எச். எச். ஃப்ளோர். 1940-களில் ஆளிச்செடியின் துரு நோயில் அவர் கண்ட விதி நெல் குலைநோய்க்கும் அப்படியே பொருந்துகிறது. திருடனை அவன் சட்டையை வைத்து மட்டும் அடையாளம் காணும் காவல்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் காவல்காரன் விழித்திருந்தும் பயனில்லை.

பிஐ-டிஏ என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். வியட்நாமின் டெடெப் போன்ற பழைய ரகங்களில் இருந்து வந்தது அது. 928 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் கண்ணிகள்) கொண்ட அதன் புரதத்தில் 918-ஆம் இடத்தில் அலனின் இருந்தால் எதிர்ப்பு உண்டு, செரின் இருந்தால் இல்லை. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அது அடையாளம் காணும் பூஞ்சை மரபணுவோ குரோமோசோமின் நுனியை ஒட்டி இருக்கிறது. நுனிப்பகுதி அறுந்துபோவதும், தாவும் மரபுத்துண்டுகள் அங்கே வந்து செருகிக்கொள்வதும் சாதாரணம். அந்த ஒன்றை இழந்த பூஞ்சைக்கு நோய் உண்டாக்கும் திறன் குறைவதில்லை, பிஐ-டிஏ நெல்லின் கண்ணில் படாமல் போவது மட்டுமே மிச்சம். 2004-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பிஐ-டிஏ கொண்ட ரகத்தில் குலைநோய் வந்தது. அங்கே எடுத்த பூஞ்சையை ஆராய்ந்தபோது, அந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் துண்டு செருகியிருந்தது தெரிந்தது.

ஒரு வட்டாரம் முழுக்க ஒரே ரகம் நின்றால், கோடிக்கணக்கான வித்துகளில் இப்படி மாறிய ஒன்றுக்குப் போட்டியே இல்லை. மற்றவை பட்டினி கிடக்கும்போது அது மட்டும் பெருகும். உங்கள் வயலிலும் இதுதான் நடந்திருக்கும். நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. விதை விற்றவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘எதிர்க்கும்’ என்ற சொல்லுக்கு, ‘சோதித்த காலத்தில், சோதித்த இடத்துப் பூஞ்சையை எதிர்த்தது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. விதைப் பையில் இதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அடுத்து எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது? கேட்கவேண்டிய முதல் கேள்வி, அதில் எத்தனை எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கின்றன என்பது. குலைநோய்க்கு எதிராக இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்றை ஒரே ரகத்தில் அடுக்கினால், பூஞ்சை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றங்களைச் செய்தாக வேண்டும். அது அரிது. 2021-இல் இந்தியாவில் வெளிவந்த பூசா பாஸ்மதி 1847 ரகத்தில் குலைநோய்க்கு எதிராக பிஐ-2, பிஐ-54 இரண்டும், பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக வேறு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பழைய ரகத்தோடு பலமுறை பின்கலப்புச் செய்து (கலப்பில் பிறந்த செடியை மீண்டும் மீண்டும் அதே பழைய ரகத்தோடு கலந்து), ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ குறியீட்டால் சோதித்து எடுக்கும் வேலை இது. கலப்பு மட்டும் செய்து கண்ணால் பார்த்துத் தேர்ந்தால், ஒரு மரபணு நோயைத் தடுக்கும்போது இன்னொன்று கூட இருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது.

இரண்டாவது கேள்வி, என்ன வகை எதிர்ப்பு என்பது. என் மனதுக்கு மிகவும் பிடித்தது பிஐ-21. ஜப்பானின் மானாவாரி நெல்லில் கண்டுபிடித்து 2009-இல் பிரித்தெடுத்தார்கள். இது எதையும் அடையாளம் காண்பதில்லை. சாதாரண நெல்லில் இந்த மரபணு பூஞ்சைக்குத்தான் வசதி செய்து தருகிறது. அதில் சில துண்டுகள் விடுபட்ட வடிவம் இருந்தால் நோய் மெதுவாக, குறைவாகவே பரவுகிறது. முழுத் தடுப்பு கிடையாது. ஆனால் பூஞ்சைக்கு ஏமாற்ற ஒன்றுமில்லாததால் நீண்ட காலம் நிற்கிறது. ஒடுங்கு பண்பு என்பதால் இரண்டு பெற்றோரிடமும் இருந்தால்தான் ஒட்டு நெல்லில் வேலை செய்யும். இதை ஏன் முன்பே பரப்பவில்லை என்று கேட்கலாம். இதற்கு மிக அருகிலேயே சோற்றின் சுவையைக் கெடுக்கும் இன்னொரு மரபணு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்த பிறகுதான் வழி திறந்தது.

ஆகவே ‘மிதமான எதிர்ப்பு’ என்று ஒரு ரகத்தைப் பற்றி எழுதியிருந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே அளவில் மிதமாக நிற்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஒரு புள்ளியும் இல்லாத புது ரகத்தைவிட, சில புள்ளிகளோடு பல ஆண்டு தாங்கிய ரகத்தையே நான் தேர்வேன். இலையில் தாங்குவது கழுத்திலும் தாங்கும் என்றும் நினைக்க வேண்டாம். கதிர்ப் பருவத்தில் மட்டும் வலுவாகச் செயல்படும் பிபி-1 போன்ற மரபணுக்கள் தனியாக உண்டு. விளைச்சலைக் காலி செய்வது கழுத்துக் குலைநோய்தான் என்பதால், கதிரில் எப்படி என்று தனியாகக் கேளுங்கள்.

டிஎன்ஏ சோதனை உதவுமா என்றால், மரபணு இருக்கிறதா என்று சிறு இலைத்துண்டை வைத்தே சொல்லிவிடலாம். உங்கள் வட்டாரப் பூஞ்சைக்கு எதிராக அது இன்றும் செயல்படுகிறதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அதற்கு வயல்தான் சோதனைச்சாலை. வயல் ஓரத்தில் நான்கைந்து ரகங்களைச் சிறு பாத்திகளாக விதைத்து, இடையிடையே எளிதில் நோய் பிடிக்கும் ரகம் ஒரு வரிசை வையுங்கள். அந்த வரிசையில் நோய் வந்தும் தாங்கி நிற்பது எது என்று பாருங்கள். ஆராய்ச்சி நிலையங்களிலும் அடிப்படை இதுதான். கோயம்புத்தூரில் உருவான கோ 39 குலைநோய்க்கு எளிதில் ஆளாவது. அதனாலேயே பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதில் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எது எந்தப் பூஞ்சையிடம் தோற்கிறது என்று பார்க்கும் வரிசைகளை உருவாக்கியது.

முடிந்தால் முழு நிலத்திலும் ஒரே ரகம் வேண்டாம். சீனாவின் யுன்னானில் எளிதில் நோய் பிடிக்கும் பசைநெல்லை, எதிர்ப்புள்ள ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு இடையே நட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தனியாக நட்டபோது இருந்ததைவிடப் பசைநெல்லில் குலைநோய் 94 விழுக்காடு குறைந்தது. வரிசை கலந்து நடுவது அறுவடைக்குச் சிரமம் என்றால், வயலுக்கு வயல் ரகத்தை மாற்றுவதே நல்ல தொடக்கம். ஒரே மரபணுவை வேறு பெயரில் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தழைச்சத்து. யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால், மிதமான எதிர்ப்புள்ள ரகமும் நோய்க்கு ஆளாகும். பிரித்துப் பிரித்து இடுங்கள்.

எல்லாப் பூஞ்சையையும் தாங்கும் ரகம் இப்போதைக்கு இல்லை. இலையுறைக் கருகல் நோயைத் தரும் பூஞ்சை, செத்த செல்லையும் தின்று வாழ்வது. செல்கள் இறந்து தடுக்கும் வழி அதனிடம் எடுபடாது. அதற்கு இதுவரை முழு எதிர்ப்பு தரும் ஒற்றை மரபணு கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதவும் பல மரபணுப் பகுதிகள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. உயரமான செடி, இடைவெளி விட்ட நடவு இரண்டும் அதைக் குறைக்கின்றன என்பதால், எது மரபணு தந்த எதிர்ப்பு, எது செடியின் உருவம் தந்த தப்பிப்பு என்று பிரித்தறிவதும் கடினம். பழுப்புப் புள்ளி நோயிலும் பகுதி எதிர்ப்புதான் கிடைக்கிறது. அங்கே ரகத்தை மாற்றுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். சத்துக் குறைந்த மண்ணில்தான் அது முதலில் தலைகாட்டும்.

இந்த அறுவடையில் நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள். மரபணு அதில் அப்படியே இருந்தாலும், பூஞ்சை விதையோடும் வைக்கோலோடும் அடுத்த நாற்றங்காலுக்கு வந்துவிடும்.