அவன் ஏன் காரில் படுக்க வேண்டும்?

வாசகர் கேள்வி:

அம்மா, எனக்கு வயது 28. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. வரும் ஆகஸ்டில் நண்பர்கள் நான்கு பேரோடு ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்குப் போகிறோம். அங்கே ஆறு நாள். ஓட்டல் கட்டுப்படியாகாது என்பதால், நண்பனின் ஏழு சீட் காரில் போய், நகரத்துக்குத் தெற்கே கடலோரக் கேம்பிங்கில் டென்ட் போட்டுத் தங்குவதாக முடிவு. எல்லாம் சேர்த்து 1500 யூரோ, ஆளுக்கு 300 என்று பிரித்தோம். இரண்டு டென்டும் வாங்கியாகிவிட்டது. இப்போது இரண்டு பேர், டென்டில் தூக்கம் வராது, அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் டென்டில் பாதி இடம் சும்மா கிடக்கும், வாங்கிய காசு வீண். ஆறு வருட நட்பு, சண்டை போடவும் மனமில்லை. அவர்களை எப்படிச் சமாளிப்பது? செலவைக் குறைக்க இரண்டு இரவு கடற்கரையிலேயே டென்ட் அடிக்கலாமா?

சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. என் சித்தி மகன் ஆறு மாதம் முன்பு இங்கே படிக்க வந்தான், அவனும் வருகிறான். கையில் காசு இல்லாததால் அவனிடம் பங்கு கேட்கவில்லை. சமையலை அவன் பார்த்துக்கொள்வான். டென்டில் இடம் இல்லாததால் காரிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். அதனால் கேம்பிங்கில் அவன் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை, அந்தக் காசும் மிச்சம். நான் திருச்சியில் இன்ஜினீயரிங் படித்த நான்கு வருடமும் சித்தி வீட்டில்தான் இருந்தேன். சித்தியின் கைப்பக்குவம் அப்படியே அவனுக்கு.

— பெயர் வேண்டாம், ஸ்டுட்கார்ட்

பதில்:

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சின்னது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட் வேண்டும் என்கிற இருவரும் எடுத்துக்கொள்ளட்டும். கார், பெட்ரோல், சுங்கம் ஆகியவற்றில் அவர்கள் பங்கு அப்படியே இருக்கட்டும், வாடகை அவர்கள் பாடு. ஆறு வருட நட்பு ஒரு வாரம் வேறு கூரையின் கீழ் தூங்கியதால் உடையாது. கடற்கரையில் டென்ட் அடிப்பது கூடவே கூடாது. ஸ்பெயினின் 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நீங்கள் போகிற அந்தத் தென்பக்கம் அல்புஃபெரா ஏரியைச் சுற்றியுள்ள பகுதி, 1986-லேயே இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். விசாவில் வாழ்கிறவர்கள் நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் எழுப்பப்பட்டு அபராதச் சீட்டு வாங்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு நண்பர்கள் போய்விட்டால் டென்டில் பாதி இடம் சும்மா கிடக்கும் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், நாலு வரி தள்ளி, டென்டில் இடம் இல்லாததால் தம்பி காரில் படுப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். இடம் காலியாகப் போகிறது, இடமில்லாத ஒருவன் பக்கத்திலேயே இருக்கிறான். அந்த இடத்தை அவனுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் உங்கள் மனதின் ஓரத்தில்கூட எழவில்லை. காசு வீணாவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இது மறதியால் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆட்களை எண்ணும்போது நீங்கள் அவனை எண்ணவே இல்லை. “நண்பர்கள் நான்கு பேரோடு போகிறோம்” என்றுதான் தொடங்குகிறீர்கள். அவன் சாப்பாட்டுச் செலவு என்கிற தலைப்பின் கீழ் வருகிறான், அரிசி பருப்போடு சேர்ந்து.

“அவனே சொல்லிவிட்டான்” என்கிறீர்கள். இந்தச் சொல்லை நான் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அத்தை ஒருவர் இருந்தார், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவார். வந்த நிமிஷம் முதல் கொல்லைப்புறம்தான். தேங்காய் துருவுவார், காய் நறுக்குவார், பாயசத்துக்கு முந்திரி உடைப்பார். பந்தியில் கடைசியாகச் சாப்பிடுவார். ராத்திரி எல்லாரும் கூடத்தில் படுத்த பிறகு அடுப்படி ஓரமாக ஒரு சாக்கை விரித்துக்கொள்வார். கேட்டால், “எனக்கு இதுதான் சௌகரியம்” என்பார். நாங்களும் அதை நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது. அவர் போன பிறகு ஒரு படம் வைத்துக் கும்பிடலாம் என்று ஆல்பங்களைப் புரட்டினோம். பதினோரு கல்யாண ஆல்பங்கள். ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. என் கல்யாண ஆல்பமும் அதில் ஒன்று. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

கையில் காசில்லாதவன் தானாகக் கேட்டு வாங்குகிற இடம் எப்போதும் கடைசி இடமாகத்தான் இருக்கும். அவன் ஊரைவிட்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. படிப்புக் கடன் இருக்கும். பகுதி நேர வேலை கிடைத்ததோ இல்லையோ, அதுகூட நீங்கள் எழுதவில்லை. அந்த ஊரில் அவனுக்கு ரத்த உறவு என்று இருப்பது நீங்கள் ஒருவர். அண்ணன் கூப்பிடுகிறாரே என்று வருகிறான். எனக்கும் ஒரு டென்ட் வேண்டும் என்று அவன் எப்படி வாயைத் திறப்பான்? கேட்கும் முன்பே கொடுக்கத்தானே அண்ணன் என்று ஒருவரை வைத்திருக்கிறோம்.

சரி, நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், கணக்காகவே பேசுவோம். ஆறு பேருக்கு இரண்டு வேளைச் சமையல், பாத்திரம் கழுவுவது, சந்தைக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம். ஜெர்மனியில் 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. பெருக்கினால் 250 யூரோ 20 சென்ட் வருகிறது. உங்கள் 1500 யூரோவை ஆறாகப் பிரித்தால் ஒருவர் பங்கு 250 யூரோ. கேம்பிங்கில் அவனுக்கான ஆள் கட்டணம் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பங்கு கேட்கவில்லை என்று பெருந்தன்மையாக எழுதினீர்களே, அவன் பங்கை நீங்கள் வேலையாக வாங்கப்போகிறீர்கள். அதற்குப் பிறகும் படுக்க இடம் தரவில்லை.

அதற்காக அவனுக்குக் கூலி கொடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூலி கொடுத்தால் அவன் சமையல்காரன் ஆகிவிடுவான், அது இதைவிட மோசம். அவன் பங்கை நீங்கள் போடுங்கள். உங்கள் ஒருவர் பணத்திலிருந்து, நண்பர்களுக்குச் சொல்லாமல். சமையலை ஆறு பேரும் முறை வைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் அவன் சமைக்கட்டும், அன்றைக்கு நீங்கள் வெங்காயம் உரியுங்கள். 28 வயதில் சோறு வடிக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ள ஆறு நாள் தாராளம்.

பெயர் கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முதலில், அது நடக்காது. ஸ்பெயினில் தங்குமிடம் நடத்துகிற எல்லாரும், கேம்பிங் நடத்துகிறவர்களும் சேர்த்துத்தான், வருகிற ஒவ்வொருவரின் அடையாள விவரத்தையும் பதிந்து அரசுக்கு அனுப்ப வேண்டும். 2021-இல் போட்ட ஆணை, 2024 டிசம்பர் 2 முதல் கட்டாயமாகிவிட்டது. டென்டுக்கு, காருக்கு, ஆளுக்கு என்று கட்டணம் தனித்தனி. காருக்குள் படுத்தாலும் ஆள் ஆள்தான்.

நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்சிலோனாவைத் தாண்டி வலென்சியா நோக்கி இறங்கும்போது, எப்ரோ ஆற்றின் கழிமுகத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடலை ஒட்டி லோஸ் அல்ஃபாக்கெஸ் என்ற இடம் வரும். 1978 ஜூலை 11 அன்று, எளிதில் தீப்பிடிக்கிற புரொப்பிலீன் வாயுவை அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு டேங்கர் லாரி அங்கிருந்த கேம்பிங்கை ஒட்டி வெடித்து எரிந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் உங்களைப் போல வேறு நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். வலென்சியா மாகாணத்திலும் 2024 அக்டோபர் 29 அன்று பெய்த பேய் மழையில் 200-க்கு மேல் உயிர் போயிற்று. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒன்று நடந்துவிட்டால் மீட்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பேர், யார் யார் என்பதைத்தான். பதிவேட்டில் ஐந்து பெயர் இருந்தால் ஐந்து பேரைத்தான் தேடுவார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு ஆள் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, உங்கள் சித்தியின் பிள்ளையை யாரும் தேடாத ஆறாவது ஆளாக ஆக்கலாமா?

காரில் தூங்குவது என்றால் என்ன என்றும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் வலென்சியாவில் பல ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, கடல் காற்றில் ஈரம் வேறு. கண்ணாடியை ஏற்றினால் புழுங்கிச் சாக வேண்டும். இறக்கினால், பக்கத்தில் ஏரியும் நெல் வயலும், கொசு தின்றுவிடும். காலையில் எழுந்து உங்களுக்கு டீ போட வேண்டியவனும் அவன்தான்.

இப்போது நீங்களே எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். நான்கு வருடம் சித்தி வீட்டில் இருந்தேன் என்கிறீர்கள். அதைக் கைப்பக்குவத்துக்குச் சான்றாக எழுதினீர்கள். எனக்கு வேறு கேள்விகள் தோன்றின. அந்த நான்கு வருடம் சித்தி உங்களை எங்கே படுக்க வைத்தார்? அந்த வீட்டில் அறைகள் எத்தனை? நீங்கள் போனதும் கட்டில் யாருக்குப் போயிற்று, பாயில் யார் படுத்தார்கள்? உங்களுக்குப் பரீட்சை என்றால் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது யார்? அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையனாக இருந்திருப்பான். தன் இடத்தில் பாதியை உங்களுக்குக் கொடுத்துத்தான் வளர்ந்திருப்பான். சித்தி உங்களிடம் சாப்பாட்டுக்குப் பங்கு கேட்டாரா? காசில்லாததால் கேட்கவில்லை, அதற்குப் பதிலாக வீடு பெருக்கட்டும் என்று யாரிடமாவது சொன்னாரா?

நன்றிக்கடனை மாதா மாதம் பணமாக அனுப்பித் தீர்த்துவிடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கா பிள்ளைக்குத் தன் பிள்ளைக்கு நிகராகத் தட்டு வைத்தாரே, அதற்கு ஈடு, அவர் பிள்ளைக்கு நீங்கள் உங்களுக்கு நிகராக இடம் கொடுப்பதுதான். இதில் பாதி கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த இரண்டு பேர் அபார்ட்மென்டுக்குப் போனால் மீதி நான்கு பேர், இரண்டு டென்ட், பிரச்சினை தீர்ந்தது. அவர்கள் போகவில்லை என்றால் 30, 40 யூரோவுக்கு இருவர் படுக்கிற டென்ட் ஒன்று வாங்குங்கள், அதில் நீங்களும் அவனும் படுங்கள். டென்டே கிடைக்கவில்லை, காரில் ஒருவர் படுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒருவர் நீங்கள்தான். மூத்தவர் நீங்கள். பயணம் அவன் விருப்பமும் இல்லை.

கிளம்பும் முன் அவனுடைய பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் வாங்கிப் பாருங்கள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அட்டை கைக்கு வந்துவிட்டதா? இன்னும் வரவில்லை, தற்காலிகத் தாள் மட்டும்தான் என்றால், அதை வைத்து எல்லை தாண்டலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் காரில் ஏற்றாதீர்கள். பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அந்தக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை, அது ஸ்பெயினிலும் செல்லும். தனியார் காப்பீடு என்றால் வெளிநாட்டில் செல்லுமா என்று விசாரியுங்கள். இதையெல்லாம் அவனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். நீங்கள் வந்த புதிதில் எதெல்லாம் தெரியாமல் தவித்தீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

மிச்சம் பிடிக்க வழி வேண்டுமானால் நியாயமான வழிகள் இருக்கின்றன. ஸ்பெயின் எல்லையிலிருந்து வலென்சியா வரை ஏ.பி.-7 நெடுஞ்சாலையில் இப்போது சுங்கம் கிடையாது. தென்பகுதியில் 2020 தொடக்கத்திலும், வடபகுதியில் 2021 செப்டம்பரிலும் எடுத்துவிட்டார்கள். காய்கறிக்கு நகரத்தின் மத்தியச் சந்தை இருக்கிறது. பொழுதுபோக்குக்குத் தூரியா தோட்டம் போதும். 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப் படுகையை மக்கள் நடக்கிற பூங்காவாக்கினார்கள். ஒரு காசு செலவில்லாமல் ஒரு நாள் முழுக்க அதில் நடக்கலாம்.

ஒரு நாளை அல்புஃபெராவுக்கு ஒதுக்குங்கள். பாயெல்லா என்கிற ஸ்பெயின் அரிசிச் சாப்பாடு பிறந்த மண் அது. செப்டம்பரில் நெல் அறுவடை, நீங்கள் போகிற நேரம் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். காவிரிப் படுகையில் பிறந்தவர்கள் இரண்டு பேர் அந்த வரப்பில் நின்றால் பேச நிறைய இருக்கும். அங்கே பழைய வழக்கப்படி பாயெல்லாவைத் தட்டில் பரிமாறுவதில்லை. பெரிய வட்டச் சட்டியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டியோடு சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ள பங்கை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிடுவார்கள். சமைத்தவருக்கும் அதே சட்டி, அதே வட்டம். நீங்களும் அப்படிச் சாப்பிடுங்கள்.

அப்போது படம் எடுப்பீர்கள். போனை அவன் கையில் கொடுத்து எடுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். ஆறு பேரும் இருக்கட்டும். எடுத்த உடனே சித்திக்கு அனுப்புங்கள்.