எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்: கேட்டதும் சொன்னதும்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சாதாரண ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம், காயில் (கம்பிச்சுருள்), கோன் (அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு) எதுவும் இதில் கிடையாது என்று நான் சொன்னதுதான் ஆரம்பம். பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: காந்தம் இல்லை, காயில் இல்லை, கோனும் இல்லை என்கிறீர்கள். அப்புறம் சத்தம் எங்கிருந்து வருகிறது, தம்பி?

சார், நீங்கள் வகுப்பில் நடத்திய விதிதான். ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும், வேறானவை ஈர்க்கும். ஒரு பெரிய சட்டத்தில் மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிமை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனத் துளை போட்ட இரண்டு உலோகத் தகடுகள். ஃபிலிமுக்கும் தகடுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. ஃபிலிமில் சில ஆயிரம் வோல்ட் எப்போதும் ஏறி நிற்கும். ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) வரும் பாட்டை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகக் கொடுத்தால், ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். ஃபிலிம் அசையும், துளை வழியாகச் சத்தம் வெளியே வரும்.

சூட்சுமம் ஃபிலிமில் பூசியிருக்கும் பூச்சில் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தியும் கடத்தாததுமாக இருக்க வேண்டும். நன்றாகக் கடத்தினால், ஃபிலிம் தகடை நெருங்குகிற இடத்துக்கு மின்னூட்டம் எல்லாம் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். அங்கே விசை கூடும், ஒலி கெடும். ஏறிய மின்னூட்டம் நகராமல் அங்கங்கே நின்றால், பாட்டின் வோல்டேஜ் எவ்வளவோ விசையும் அவ்வளவு.

இதனால் என்ன லாபம்? 6 மைக்ரான் ஃபிலிம் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் எட்டு கிராம் சொச்சம்தான். அதை ஒட்டி நிற்கும் காற்றில் வெறும் 7 மி.மீ. கனமுள்ள அடுக்கு அதே எடை. கோன் ஸ்பீக்கரில் காயில் நடுவில் தள்ளுகிறது, விளிம்பு தாமதமாகப் பின்னால் வருகிறது. இங்கே பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது. தம்புரா மீட்டி ஓய்கிற இடம், பாடகர் மூச்செடுக்கிற இடம் எல்லாம் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

வள்ளியூர், சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்: அண்ணாச்சி, இதைக் கல்யாண மண்டபத்தில் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஃபிலிம் அசைய இருக்கிற இடமே மில்லிமீட்டர் கணக்கு. காற்று ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 3,000 வோல்ட்தான் தாங்கும், அதற்கு மேல் பொறி பறக்கும். ஆகவே வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகவும் வழியில்லை. கோயில் கொடையில் கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே வளர்ந்த காது நமக்கு. இதை முதல் தடவை கேட்டால் 'என்ன அண்ணாச்சி, சத்தமே இல்ல' என்றுதான் தோன்றும்.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவி: 1957இல் வந்த இங்கிலாந்தின் குவாட் ஸ்பீக்கர்தான் உலகின் முதல் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரா?

இல்லைம்மா. வீட்டுக்கு என்று விற்பனைக்கு வந்து நிலைத்து நின்றவற்றில் முக்கியமானது என்று சொல்லலாம். யோசனை அதைவிடப் பழையது. ஜெர்மனியில் பேசும்படத் தொழில்நுட்பத்தில் பெயர் பெற்ற ஹான்ஸ் ஃபோக்ட் 1920களிலேயே இதில் இறங்கிவிட்டார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்து எட்வர்ட் கெல்லாக் 1934இல் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், 1925இல் செஸ்டர் ரைஸோடு சேர்ந்து, இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிற காயில்-கோன் ஸ்பீக்கரை உருப்படியாக்கியவரும் இதே கெல்லாக்தான். அந்தக் குழந்தை உலகத்தையே பிடித்துக்கொண்டது, இந்தக் குழந்தை இருபது வருஷம் தூங்கியது.

தூங்கியதற்குக் காரணம் பொருள். மெல்லியதாக, உறுதியாக, சூட்டுக்கும் ஈரத்துக்கும் தளராத ஃபிலிம் அன்றைக்குக் கிடையாது. போருக்குப் பிறகு மைலார் போன்ற பாலியஸ்டர் ஃபிலிம் வந்ததும் கதை மாறியது. அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சன் 1950களின் தொடக்கத்தில் எலக்ட்ரோஸ்டாடிக் ட்வீட்டர் (கீச்சொலியை மட்டும் தரும் ஸ்பீக்கர்) செய்தார். பிறகு முழு ஒலியையும் தருகிற கே.எல்.ஹெச். நைன் ஸ்பீக்கர் அவர் வடிவமைப்பில் வந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரெடரிக் ஹன்ட், மின்னூட்டத்தை மாறாமல் வைத்தால் ஒலித்திரிபு போய்விடும் என்பதை 1954இல் கணக்கோடு காட்டினார். இங்கிலாந்தில் ஹன்டிங்டன் ஊரில் கம்பெனி நடத்திய பீட்டர் வாக்கர், ஆம்ப் வடிவமைப்பில் புகழ்பெற்ற வில்லியம்சனோடு சேர்ந்து உழைத்தார். 1955இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் தத்துவத்தை ஒளிக்காமல் எழுதினார். அந்த உழைப்பின் விளைவுதான் 1957இல் கடைக்கு வந்த குவாட். 1985 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

திருநெல்வேலி டவுன்: சித்தப்பா லண்டனில் இருந்தபோது வாங்கிய குவாட் 57 ஜோடி வீட்டில் கிடக்கிறது. வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஆளுக்கு அதிர்ஷ்டம் வேண்டும்! அறை ஹீட்டர் மாதிரி வெண்கல நிற ஜாலி, சின்ன மரக்கால், லேசான வளைவு. அதுதானே?

முதலில் பிளக்கில் மாட்டாதீர்கள். பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று பேனல் இருக்கும்: இரண்டு ஓரத்திலும் அகலமான பேஸ் (கனத்த ஒலி) பேனல், நடுவில் ட்ரெபிளுக்கு (கீச்சொலி) ஒன்று. பேனல்கள்மேல் தூசி போகாமல் இருக்கப் போர்த்திய மெல்லிய உறை கிழிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் உள்ளே தூசி போயிருக்கும். நடுப் பேனலில் பழுப்பாகவோ கறுப்பாகவோ குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரிந்தால், யாரோ பெரிய ஆம்ப்பை மாட்டிப் பொறி பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து பின்பக்கத்தை மூடிவிட்டு, வோல்டேஜ் செலக்டர் நம் 230-க்குப் பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். உள்ளே பேஸ் பேனலுக்குச் சுமார் 6,000 வோல்ட், ட்ரெபிளுக்கு 1,500 வோல்ட் ஏற வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு, விளக்கை அணைத்து, மெதுவாகப் பாட்டுப் போடுங்கள். 'சட்... சட்' என்று விட்டுவிட்டுச் சத்தமும் நீலப் பொறியும் வந்தால் அந்தப் பேனல் போச்சு. 'ஸ்ஸ்' என்று இரைந்தால் கசிவு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் உயர் வோல்டேஜ் தரும் பெட்டி தளர்ந்திருக்கும்; அது பேனலைவிட மலிவான வேலை. பேனலைப் புதிதாகக் கட்டித் தருகிறவர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இன்றும் இருக்கிறார்கள்.

ஆம்ப் விஷயத்தில் மட்டும் வீம்பு வேண்டாம். 33 வோல்ட் உச்சத்துக்கு மேல் குவாட் 57 தாங்காது. அந்தக் காலத்தில் அதோடு ஓட்டியது 15 வாட் வால்வு ஆம்ப்.

மேலப்பாளையம்: இவ்வளவு விலை கொடுத்தும் பேஸ் வராதாமே?

வரும், நெஞ்சில் இடிக்காது. பாக்ஸ் இல்லாததால் ஃபிலிமின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அது அரை மீட்டர் அகல பேனலைச் சுலபமாகச் சுற்றி வந்து பின்பக்க ஒலியோடு சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பேனலைப் பெரிதாக்கலாம், வீட்டம்மா சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே சாதாரண வூஃபரை (பேஸ் தரும் கோன் ஸ்பீக்கர்) சேர்க்கலாம், அமெரிக்காவின் மார்ட்டின்லோகன் செய்வது போல. ஆனால் அந்த ஒட்டு சில மாடல்களில் காதுக்குத் தெரியும். மிருதங்கத்தின் வலந்தலை ஓரிடத்திலும் தொப்பி வேறிடத்திலும் இருந்து வருவதாகத் தோன்றும். என்னைக் கேட்டால், கர்நாடக சங்கீதமும் பழைய சினிமாப் பாட்டும் கேட்கிறவர்களுக்கு முழு பேனல் போதும். இப்போதைய குத்துப் பாட்டுக்கு வேறு ஸ்பீக்கர் வாங்குங்கள்.

திசையன்விளை: என் ஆம்ப்பில் 4 ஓமுக்குக் கீழே மாட்டாதே என்று போட்டிருக்கிறது. சரிவருமா?

பார்த்துச் செய்யுங்கள். இந்த ஸ்பீக்கர் ஆம்ப்பின் கண்ணுக்கு ஒரு கெப்பாசிட்டர். அரை சதுர மீட்டர் பேனல், தகடுக்குத் தகடு 4 மி.மீ. என்றால் கெப்பாசிட்டன்ஸ் ஒரு நானோஃபாரட் சொச்சம். வோல்டேஜை 75 மடங்கு ஏற்றுகிற 1:75 டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பார்த்தால் அது 75 தடவை 75 மடங்காகி, 6 மைக்ரோஃபாரட் தாண்டிவிடும். ஆம்ப் பார்க்கும் தடை 1,000 ஹெர்ட்ஸில் 25 ஓம். 20,000 ஹெர்ட்ஸில் 1.3 ஓம்தான். நல்லவேளையாகப் பாட்டில் அவ்வளவு உயரத்தில் பெரிய சக்தி இருக்காது. ஆனாலும் சில டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இந்தச் சுமையில் தள்ளாடி, தானாக ஊசலாட ஆரம்பித்துவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் ஆம்ப்பையே தூக்கிக்கொண்டு போய் மாட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆம்ப் ரொம்பச் சூடானால் விட்டுவிடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: எங்களுடையது பழைய வீடு. தார்சா, பட்டாசல் (கூடம்), அடுக்களை எல்லாம் ரயில் பெட்டிகளாக நீளும். எங்கே வைக்க?

பட்டாசலில்தான். ஆனால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். முன்னால் எவ்வளவு சத்தம் வருகிறதோ அவ்வளவு பின்னாலும் போகும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இன்னும் தள்ள முடிந்தால் நல்லது. பக்கவாட்டில் சத்தம் ரொம்பக் குறைவு என்பதால், நீள வீட்டின் நெருக்கமான பக்கச் சுவர்கள் தொந்தரவு செய்யாது. இந்த விஷயத்தில் உங்கள் வீடு புது ஃபிளாட்டைவிட மேல். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இருக்கட்டும். வெறும் சுவர் என்றால் பத்தமடைப் பாய் தொங்கவிட்டால் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அழகுக்குத் தொங்கவிடுங்கள், அந்த மெல்லிய கோரை பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது.

உவரி: கடற்கரையில் வீடு. குற்றாலத்தில் இருக்கிற மச்சானும் இதையே கேட்கிறார். ஈரம் என்ன செய்யும்?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஃபிலிமில் ஏறிய மின்னூட்டம் கசிய ஈரம் வழி செய்து கொடுக்கும். சத்தம் குறையும், சில சமயம் இரைச்சல் வரும். குற்றாலத்தில் சாரல் மாதங்களில் இது வந்து, வெயில் அடித்ததும் தானாகப் போய்விடலாம். உவரியில் சிக்கல் உப்பு. காற்றில் வரும் உப்பு தகடிலும் இன்சுலேஷனிலும் படிந்துவிட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலுக்கும் போகாது. கடலைப் பார்த்த ஜன்னலை மூடி ஏசி போட்ட அறை இல்லையென்றால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாளையங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட காற்று இதற்கு ரொம்பத் தோது. அங்கே எதிரி தூசி. உயர் வோல்டேஜ் தூசியை இழுக்கும். கேட்காதபோது துணி போட்டு மூடுங்கள், ஸ்பீக்கரை அணைத்த பிறகு.

சங்கரன்கோவில்: கரண்ட் அடிக்கடி போய் வந்தால் கெட்டுவிடுமா?

கெடாது. உயர் வோல்டேஜ் பெட்டி சில வாட்தான் எடுக்கும், இன்வெர்ட்டரிலேயே ஓடும். கரண்ட் வந்ததும் முழுச் சத்தம் எட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை, இன்ஜினியரிங் மாணவர்: சில பேனல் வளைந்திருக்கிறது, சிலது தட்டை. ஏன்?

10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 செ.மீ. அதைவிடப் பல மடங்கு அகலமான தட்டைப் பேனலிலிருந்து ட்ரெபிள் நேர்கோட்டில் போகும். தலையை ஒரு சாண் நகர்த்தினால் காணாமல் போய்விடும். இதற்கு ஆளுக்கொரு வைத்தியம். குவாட் 57இல் நடுவே குறுகலான ட்ரெபிள் பேனல். மார்ட்டின்லோகனில் பேனலையே வளைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1981இல் வாக்கர் கொண்டுவந்த குவாட் ஈ.எஸ்.எல்-63. 1963இல் தொடங்கிய வேலை என்பதால் அந்த எண். ஃபிலிம் தட்டைதான். ஆனால் நடுவில் உள்ள தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தார். குளத்தில் கல் விழுந்ததும் வட்டம் விரிகிற மாதிரி ஒலி நடுவிலிருந்து விரியும். ஃபிலிமுக்கு 30 செ.மீ. பின்னால் ஒரு புள்ளியிலிருந்து வருவதாகவே காது நம்பும். தாமதத்துக்கு டிஜிட்டல் ஒன்றும் இல்லை, வெறும் காயில்களின் வரிசை. அசையும் பொருளை விட்டுவிட்டு அதைத் தள்ளும் மின்புலத்தை வளைத்த மூளை அது.

தென்காசி: நானே செய்து பார்க்கலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். 40 சதவீதம் அளவுக்குத் துளை உள்ள தகடு வாங்கி, துளை விளிம்பின் பிசிர் எல்லாவற்றையும் தேய்த்துப் பவுடர் கோட்டிங் கொடுங்கள். பிசிர் இருக்கும் இடத்தில்தான் முதல் பொறி பறக்கும். ஃபிலிமை இழுக்க ஒரு எளிய வழி: மேசையைச் சுற்றி சைக்கிள் டியூபைப் பொருத்தி, ஃபிலிம் ஓரத்தை அதில் ஒட்டி, பம்ப் அடித்தால் நாலு பக்கமும் சீராக இழுபடும். இழுவை குறைந்தால் வோல்டேஜ் ஏற்றியதும் ஃபிலிம் போய்த் தகடில் ஒட்டிக்கொள்ளும். பூச்சுக்குக் கிராஃபைட் பொடி தேய்ப்பது பழைய வழி, எதிர்ப்பு ஒரே சீராக வருவது கஷ்டம். டிரான்ஸ்ஃபார்மருக்கு 230-6 வோல்ட் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைத் திருப்பிப்போட்டு இணைக்கிறார்கள். விகிதம் 75 பக்கத்தில் வரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபிலிமுக்குப் போகும் வோல்டேஜில் பல மெகா ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அது சுரீர் என்று அடித்து விட்டுவிடும். தகடுக்குப் போகும் பாட்டு அப்படியில்லை; பின்னால் ஆம்ப் நிற்கிறது, ஆளைக் கொல்லும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தகடை வெளியே தெரியும்படி விடவே கூடாது.

வீரவநல்லூர்: மேக்னபேன் ஸ்பீக்கர் என்பதும் இதே வகையா?

பார்க்கத்தான் ஒன்று. அதில் ஃபிலிமில் கம்பி ஓடும், எதிரே காந்தம் இருக்கும். உயர் வோல்டேஜ் இல்லை, சுவர் பிளக்கும் வேண்டாம்.

சேரன்மகாதேவி: குவாட் 57 ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. தனியாக வைத்துப் பயன் உண்டா?

உண்டு அண்ணாச்சி. அது வந்த 1957இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கே வரவில்லை. ஆட்கள் ஒன்றுதான் வாங்கினார்கள். காருகுறிச்சியார் நாகஸ்வரம் எல்லாம் மோனோ ஒலிப்பதிவுதானே, அதற்கு ஒன்று போதும். ஆம்ப்பின் இடது வலது ஸ்பீக்கர் ஒயரை மட்டும் ஒன்றாக முறுக்கி மாட்டிவிடாதீர்கள், ஆம்ப் போய்விடும். ஆம்ப்பில் மோனோ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு, ஒரு பக்கத்து ஒயரை மட்டும் இதற்குக் கொடுங்கள்.